வாசல் வேம்பு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்றே என் வகுப்புத் தோழர்கள் தலைப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவன் சந்திரயானை எடுத்துக்கொண்டான். இன்னொருவன் நெகிழிப் பையை ஒழிக்கப் புறப்பட்டான். தாய்மையைப் பற்றி மட்டும் மூன்று கவிதைகள் வந்திருப்பதாகக் கேள்வி. எனக்கு எழுதத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் வீட்டு வாசலில் நின்ற வேப்பமரம். அதை வெட்டச் சொன்னவன் நான். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, வெட்ட வேண்டாம், தளிர்க்கும் என்று சொன்னவனும் நான்தான். இரண்டையும் ஒளிக்காமல் எழுதிவிட எண்ணுகிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்குக் கிழக்கே உள்ள சிற்றூர். செம்மண் பூமி. தென்னையும் பலாவும் மிகுதி. பாதி ஓடும் பாதி தகரமுமாக இருக்கும் எங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே அந்த மரம் நின்றது. நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று அடிமரத்தைக் கட்டிப்பிடித்தால் விரல் நுனிகள் தொட்டும் தொடாமலும் இருக்கும். அதன் வயது என்ன என்று அப்பத்தாவைக் கேட்டால், அவருக்கு ஆண்டுக் கணக்கு சொல்லத் தெரியாது. அவர் கணக்கு வைத்திருப்பது புயல்களாலும் பஞ்சங்களாலும்தான். "தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோன மார்கழிக்கு அடுத்த தையில நான் இந்த வீட்டுக்கு வந்தேன். அப்ப இது ரெண்டு சாண் கன்னு. எந்தக் காக்கா போட்டதோ. உங்க அய்யா பிடுங்கிப் போடப் போனாரு. நான்தான் கிடக்கட்டும்னேன்" என்பார். தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பரில். எனவே அந்த ஆடி மழையில் முளைத்திருக்க வேண்டும் என்று நான் கணக்கிட்டேன். புகுந்த வீட்டில் அப்பத்தா முதன்முதலாகச் சொல்லிச் செல்லுபடியான சொல் அதுதானாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

அந்த மரத்தின் பயன்களைப் பட்டியலிட்டால் மருத்துவக் கட்டுரையாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் பழம் உதிரும். அப்பத்தா விடியுமுன் எழுந்து ஈர்க்குமாற்றால் கூட்டி அள்ளி, சதை போகத் தேய்த்துக் கழுவி, காயவைத்துச் சாக்கில் கட்டி வைப்பார். வேப்பமுத்து வாங்க வியாபாரி சைக்கிளில் வருவார். பிற்காலத்தில் அவர் மொபெட்டில் வந்தார். விலை மட்டும் சைக்கிளில்தான் வந்தது. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது ஜாமெட்ரி பெட்டி வாங்கியது அந்தக் காசில்தான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்பு ஜாமெட்ரி பெட்டி வைத்திருந்தவர் எவரும் இல்லை. அப்பா கொத்து வேலை செய்பவர். ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்திருந்தார். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் நம்ம சாமான்தான், சின்னதா இருக்கு" என்றார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் வந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்குள் ஆறு பேரும் ஒரே மூலையில் ஒடுங்கி இருந்தோம். ஐவர் குடும்பம், ஆறாவது ஒரு ஆட்டுக்குட்டி. விடிந்து கதவைத் திறந்தபோது தெருவே இல்லை. தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நிற்பவற்றை விரல்விட்டு எண்ணலாம். வாழ்நாளெல்லாம் உழைத்து ஆளாக்கிய பலா மரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்ததைக் கண்டு ஆண்கள் தெருவில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வேம்பு நின்றது. வடபுறத்துப் பெருங்கிளை ஒன்று மட்டும் கிழிந்து விழுந்திருந்தது. விழும்போது மரத்தின் பட்டையையும் ஓர் ஆள் உயரத்துக்கு உரித்துக்கொண்டு போயிருந்தது. அந்தக் காயம் கன்றுக்குட்டியின் நாக்கு நிறத்தில் ஈரமாக இருந்தது. அப்பத்தா மஞ்சளும் சாணமும் குழைத்துப் பூசினார். வந்தவர் போனவரிடமெல்லாம், "தலையக் கொடுத்து வீட்டைக் காப்பாத்திட்டா ஆத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் பெருமைப்பட்டோம்.

அதன்பின் எங்களைப் போலவே மரமும் ஏதோ நாட்களைக் கடத்திற்று. 2020-ல் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதாமலே தேர்ச்சி பெற்ற அணியில் நானும் ஒருவன். கொரோனாக் காலத்தில் தெருவினர் அனைவரும் எங்கள் மரத்தில் கொத்து ஒடித்துத்தான் நிலைப்படியில் செருகினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வீட்டு நிலைமை காரணமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓராண்டு இருந்தேன். 2023-ல் இக்கல்லூரியில் சேர்ந்தேன். என் வகுப்பில் நான் ஓரிரு வயது மூத்தவனாக இருப்பது இதனால்தான்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு வீட்டில் என் நிலை மாறியதை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த தோழர்கள் இதை அறிவார்கள். மருந்துச் சீட்டு, மின் கட்டணம், ரேஷன் கடையில் கைரேகை விழாதது, பக்கத்து வீட்டுக்காரர் பட்டாவில் எல்லை தவறியிருப்பது, எல்லாம் நம்மிடம் வரும். "நீதான் படிக்கிறியே" என்று நீட்டுவார்கள். தெரியாது என்று சொன்னால் அவர்கள் முகம் வாடும். அந்த வாட்டத்தைக் காணப் பொறுக்காமல் தெரிந்தது போலச் சொல்லப் பழகிக்கொள்வோம். நான் அப்படித்தான் பழகிக்கொண்டேன்.

2024 தை மாதத்தில் மரத்தின் நுனிக் கொப்புகள் காய்ந்தன. இலைகள் தீயில் வாட்டினாற்போலப் பழுப்பாகித் தொங்கின. ஊரில் வேறு வேம்புகளும் அப்படி இருந்தன. அப்பா என்னைக் கேட்டார். நான் கைப்பேசியிலும் நூலகத்திலும் தேடிப் படித்தேன். போமாப்சிஸ் அசாடிராக்டே என்னும் பூஞ்சை வேம்பின் நுனிக் கொப்புகளைக் காயச்செய்யும். மழையும் பனியும் உள்ள மாதங்களில் மிகும். வெயில் ஏறும்போது பல மரங்கள் மீண்டும் தளிர்க்கும். இந்த நோய் உண்மையானது. நான் படித்ததும் பிழையில்லை. அதை எங்கள் மரத்துக்கு ஒட்டியதுதான் பிழை. அன்று மாலை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து அந்த லத்தீன் பெயரை இரண்டு முறை சொன்னேன். "பங்குனியில தளிர்க்கும், பாருங்க" என்றேன். அப்பத்தா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

பங்குனியில் ஊரில் மற்ற வேம்புகள் தளிர்த்தன, பூத்தன. எங்கள் மரத்தில் தென்புறம் மட்டும் கொஞ்சம் தளிர் வந்தது. அதுவும் சிறுத்து, வெளிறி. வடபுறம் வெறும் குச்சியாக நின்றது. வைகாசியில் அப்பா, "காத்துக் காலம் வருது. எடுத்துரலாமா?" என்று கேட்டார். "ஒரு வருஷம் ஆகும்பா. அவசரப்படக் கூடாது" என்றேன். எங்கே படித்தேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது. அப்பா கேட்கவில்லை. முப்பது ஆண்டுகள் கட்டடம் கட்டியவர். எது நிற்கும், எது சாயும் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர். ஆனாலும் என் சொல்லுக்காகப் பேசாமல் போனார்.

ஆடியில் இரண்டு மழை பெய்தது. ஒரு நாள் காலை முகம் கழுவப் போனபோது, மரத்தின் வடபுற அடியில், மண்ணை ஒட்டி, தட்டுத் தட்டாக மூன்று காளான்கள் முளைத்திருக்கக் கண்டேன். மேலே அரக்குப் பூசினாற்போல் செம்பழுப்பாக மின்னின. ஓரம் மட்டும் வெள்ளை. அந்தப் படத்தை நான் பாடப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். கானோடெர்மா. மரக்கட்டையை அழுகச் செய்யும் பூஞ்சை. நுனியில் இல்லை நோய், வேரில் இருக்கிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கிடந்த ஓட்டுத் துண்டுகளையும் சருகையும் காலால் அதன்மேல் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு எனக்கு இன்றும் மறுமொழி இல்லை. அன்று எனக்கு ஒன்பது மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததாக நினைவு. இரண்டு மாதங்கள் அந்த நாளை வரவில்லை.

புரட்டாசியில் ஓர் இரவு, காற்றே இல்லை. பதினொரு மணி இருக்கும். முதலில் ஒரு சத்தமும் இல்லாமல், பிறகு தகரம் கிழியும் சத்தத்தோடு, வடபுறக் கிளை ஒன்று ஆட்டுக் கொட்டகைமேல் விழுந்தது. அம்மா வளர்த்த சினை ஆடு அந்த இடத்திலேயே இறந்தது. என் தேர்வுக் கட்டணத்துக்கும் செய்முறைப் பதிவேட்டுச் செலவுக்கும் என்று அம்மா மனத்தில் எண்ணி வைத்திருந்த ஆடு அது. ஆனால் நாங்கள் டார்ச் விளக்கில் பார்த்துக்கொண்டிருந்தது ஆட்டை அல்ல. கொட்டகைக்கு அடுத்தாற்போல், சுவரோரம், தம்பி தினமும் கட்டில் போட்டுப் படுக்கும் இடத்தைத்தான். பத்தாம் வகுப்பு படிக்கிறான். அன்று மாலை தூறியதால் உள்ளே படுத்திருந்தான். கிளையின் நுனி அவன் தலை வைக்கும் இடத்தில் மண்ணுக்குள் ஒரு சாண் இறங்கியிருந்தது.

மறுநாள் காளான் ஒன்றைப் பெயர்த்துச் செய்தித்தாளில் சுற்றிக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். பூஞ்சையியல் நடத்தும் பேராசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்புறத்து நுண்துளைகளை லென்ஸ் வைத்துக் காட்டினார்.

"எவ்வளவு நாளாக இருக்கிறது?"

"ஆடியிலிருந்து, சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றியுடையேன்.

அன்று அவர் சொன்னதையும் பின்னர் நானே படித்ததையும் சேர்த்துச் சுருக்கமாக எழுதுகிறேன். மரத்தின் காயம் நம் தோலைப் போல் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் சுவர் எழுப்பிக்கொள்கிறது. அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்க்கிறது. ஆயிரக்கணக்கான மரங்களை மோட்டார் ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்து இதை விளக்கியவர் அலெக்ஸ் ஷைகோ என்னும் அமெரிக்க வனநோயியலார்; 1977-ல் விரிவாக எழுதினார். சுவர் தாங்கினால் மரம் உள்ளே கூடாகவும் பல்லாண்டு வாழும். ஏனெனில் நீர் ஏறுவது வெளிப்புற வெளிற்றுக் கட்டையில்தான். நடுவே உள்ள வைரம் உயிரற்றது. வேரே அழுகினால்தான் ஆபத்து. கானோடெர்மா மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னினையே தின்றுவிடும். தென்னையில் இதே இனத்துப் பூஞ்சைதான் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்குகிறது. 1952 புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் பரவலாகக் காணப்பட்டதால் அப்பெயர். அந்நோய்க்கு வேளாண்துறையினர் தென்னைக்கு இடச் சொல்வது என்ன தெரியுமா? மரத்துக்கு ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு! ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த வைத்தியர் வீட்டிலேயே நோய் புகுந்த கதைதான்.

தமிழ் வகுப்பில் தொல்காப்பிய மரபியலை நடத்தும்போது, புறத்தே வயிரம் உடையவை புல், அகத்தே வயிரம் உடையவை மரம் என்று ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. பனையும் தென்னையும் புல் வகையா என்று அன்று நாங்கள் சிரித்தோம். அகத்தே ஒன்றும் இல்லாமற்போன மரத்தை என்ன பெயரிட்டு அழைப்பது என்று கேட்க அன்று தோன்றவில்லை.

"எப்ப விழும் சார்?" என்று கேட்டேன். "காளானைப் பார்த்து நோயைச் சொல்லலாம். நாளைச் சொல்ல முடியாது. மரம் வெட்டுகிறவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. அவர்களுக்கு நம்மைவிடத் தெரியும்" என்றார் பேராசிரியர்.

வீட்டில் சொன்னேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அப்பத்தாதான்...

"அப்பத்தா, மரத்தை எடுத்துரணும்."

"நீதானே தளிர்க்கும்னு சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்ப இது மட்டும் சரியாச் சொல்றியாக்கும்?"

அதற்கு நான் என்ன சொல்வது? அன்றிரவு அப்பத்தா தம் கயிற்றுக் கட்டிலை இழுத்துக்கொண்டு போய் மரத்தடியில் போட்டுப் படுத்தார். "எம் மேல போட மாட்டா" என்றார். அப்பா கெஞ்சினார், அம்மா அழுதார். எழுபத்தேழு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டா வர முடியும்? இரண்டு இரவுகள் அப்பா திண்ணையில் விழித்தபடி உட்கார்ந்திருந்தார். இலை அசைந்தால் எழுந்து நிற்பார். ஓர் அசைவில் தாயைத் தள்ளிவிடலாம் என்று எண்ணினாரோ என்னவோ. பகலில் சாரத்தின்மேல் நின்று வேலை செய்கிறவர், இரண்டு நாள் உறக்கமில்லை.

மூன்றாம் இரவு தம்பி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். அப்பத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், மரத்தின் வடபுறத்தில் விரித்தான். "எந்திரிடா" என்றார் அப்பத்தா. "உன் மேல போடாதுன்னா என் மேலயும் போடாது" என்றான் அவன். கண்ணை மூடிக்கொண்டான். சற்று நேரம் ஒரு பேச்சும் இல்லை. பிறகு அப்பத்தா எழுந்தார். என்னைக் கூப்பிட்டு, "கட்டிலத் தூக்கு" என்றார். அவ்வளவுதான். பல நூல்களைப் படித்து நான் சொல்லாததை அவன் ஒரு பாயால் சொல்லிவிட்டான்.

தீபாவளி கழிந்தது. ஐப்பசிக் கடைசி ஞாயிறு, நவம்பர் 10, நாள் குறித்தோம். அப்பத்தா ஒரு நிபந்தனை வைத்தார். சொல்லிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். முந்தின நாள் அந்தியில் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, தேங்காய் உடைத்து, அம்மா கற்பூரத் தட்டை ஏந்தி நின்றார். "நீதான் படிச்சவன், நீ சொல்லு" என்றார் அப்பத்தா. மரத்தில் ஒரு காக்கைக் கூடும் இரண்டு மூன்று அணில்களும் இருந்தன. உயிரியல் படிக்கிறவன் மரத்தோடு பேசுவதா என்று எனக்குக் கூச்சம். தெருவில் வேறு ஆட்கள் நின்றார்கள்.

"நாளைக்கு மரத்தை எடுக்கப் போறோம். இருக்கிறவங்க வேற இடம் பாத்துக்குங்க" என்றேன்.

"அது மட்டும் போதுமா? தப்பு நடந்துச்சுன்னா அதையும் சொல்லணும்" என்றார் அப்பத்தா. கிளை முறிவதை, வெட்டுவதை, பொதுவாக ஏதோ ஒன்றைக் கருதித்தான் அவர் சொல்லியிருப்பார். ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது. "ஆடியிலயே அடியில காளான் முளைச்சதைப் பாத்தேன். பாத்தும் சொல்லாம மூடி வச்சுட்டேன்" என்றேன். வீட்டார் அதை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். அம்மாவின் கையில் தட்டு ஒரு முறை ஆடிற்று. என்னைப் பார்த்தார். ஆட்டைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கற்பூரம் அணையும் வரை அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை ஒயர்மேன் வந்து கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியைக் கழற்றிக் கொடுத்தார். மரம் வெட்டுபவர் அடுத்த ஊர்க்காரர், அறுபது வயதிருக்கும். முறைக்கு நான் அவரை மாமா என்பேன். இரண்டு இளைஞர்களையும் மோட்டார் ரம்பத்தையும் கொண்டுவந்திருந்தார். வந்தவுடன் வெட்டத் தொடங்கவில்லை. கோடாரியின் பின்புறத்தால் மரத்தைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். தென்புறம் 'டக்' என்றது. வடபுறம் காலித் தொட்டியைத் தட்டினாற்போல ஒலித்தது. காதை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார்.

"பச்சை மரத்துல ஏறுறது பயமில்ல மாப்ளே. அது வளையும், முறியப்போறப்ப சத்தம் கொடுக்கும். செத்த மரம் ஒண்ணும் சொல்லாது" என்றார். ஆகவே வடபுறத்தில் ஆள் ஏறவில்லை. தென்புறத்து உயிருள்ள கிளை வழியாக மூத்தவனான இளைஞன் ஏறி, வடத்தைக் கவைக்குக் கவை மாற்றிக் கட்டினான். ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டியபின்தான் அறுத்தான். கீழே நாங்கள் நால்வர் கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். காய்ந்த கிளைகள் எதிர்பாராத வகையில் லேசாக இருந்தன. உயிருள்ள கிளைகள் கையைக் கிழித்தன. மதியத்துக்குள் தலை முழுவதும் போய், அடிமரம் மட்டும் மொட்டையாக நின்றது. அதைத் தெருப்பக்கம் சாய்க்க வேண்டும். சாய வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார். பிறகு பின்புறத்திலிருந்து அறுத்தார். வடத்தின் மறுமுனை டிராக்டரில். அந்த வாடகையைத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு வந்த பணத்திலிருந்து கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரிந்துதான் கொடுத்தேன்.

விழுந்தபோது நிலம் அதிர்ந்தது காலில் தெரிந்தது. புழுதி அடங்க நேரமாயிற்று. அப்பத்தா திண்ணையில் தெருவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அறுபட்ட முகத்தைப் போய்ப் பார்த்தேன். வடபுறம் முழுவதும் உள்ளே கூடு. விரலால் அழுத்தினால் ஈரமான அட்டைப் பெட்டி போல வெள்ளையாக அமுங்கிற்று. தென்புறத்தில் பிறை வடிவில், ஒரு சாண் கனத்துக்கு, செக்கச் சிவந்த நல்ல கட்டை. கசப்பு மணம் வாசலெல்லாம் பரவிற்று. மாமா அந்தப் பிறையில் உள்ளங்கையை வைத்தார். "இந்த ஒரு சாண்லதான் இவ்வளவு நாளும் நின்னிருக்கு" என்றார்.

"வெட்டாம விட்டிருந்தா இன்னும் எத்தன வருஷம் நின்னிருக்கும் மாமா?"

"அத யாரு சொல்றது? நேத்துவரைக்கும் நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்சது அதான்."

அந்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. வானிலை அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு, இனிப் பயமில்லை என்று இருந்தோம். புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்கள் ஊரில் ஓர் ஓட்டைக்கூட அது அசைக்கவில்லை. அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை வெறும் வாசலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன்.

மரவாடிக்காரர் நல்ல கிளைகளை மட்டும் எடைக்கு எடுத்துக்கொண்டார். கூடான அடிமரத்தை விறகுக்குக்கூடக் கேட்கவில்லை. வந்த பணத்தில் அம்மா இரண்டு குட்டிகள் வாங்கினார். வேரில் பூஞ்சை தங்கிவிடும் என்று பேராசிரியர் சொன்னதால், அப்பாவும் நானும் மூன்று நாள் தோண்டி, கைக்கு எட்டிய வேரையெல்லாம் எடுத்து எரித்தோம். தோண்டும்போது அப்பா ஒரே ஒரு முறை பேசினார். "அடுத்த தடவ தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." அவ்வளவு சொல்லிவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

அடிமரத்தில் ஒரு வில்லையை மாமா எனக்காக அறுத்துக் கொடுத்தார். அதை வேனில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். தாவரவியல் ஆய்வகத்தில், நுண்ணோக்கி அலமாரிக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் இருப்பது அதுதான். வளையங்களை எண்ணி வயது காணலாம் என்று முயன்றேன். வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் வளையம் ஆண்டைத் தெளிவாகச் சொல்லாது. தவிரவும் பாதி வளையங்களைப் பூஞ்சை தின்றுவிட்டது. மூன்று முறை எண்ணினேன். மூன்று விடைகள் வந்தன.

தை மாதம் அப்பத்தாவைக் கண் பரிசோதனைக்காக நகரத்துக்கு அழைத்து வந்தேன். திரும்பும் வழியில் கல்லூரிக்குள் கூட்டி வந்தேன். என் குடும்பத்தில் என்னைத் தவிர இக்கல்லூரிக்குள் வந்த முதல் ஆள் அவர்தான். நடைக்கூடத்தின் முன்பு செருப்பைக் கழற்றினார். போட்டுக்கொள்ளலாம் என்றாலும் கேட்கவில்லை, கையில் தூக்கிக்கொண்டார். வில்லையின்மேல் கை வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, "என்ன எழுதியிருக்கு, படி" என்றார்.

படித்தேன். தாவரப் பெயர், அசாடிராக்டா இண்டிகா. குடும்பம், மீலியேசி. நோய், கானோடெர்மா வேரழுகல். சேகரித்த இடம், எங்கள் ஊர். சேகரித்த நாள், 10-11-2024. சேகரித்தவர், என் பெயர்.

"மொளைச்சது எழுதலயா?"

"அதுக்கு இதுல இடம் இல்ல அப்பத்தா. வளையத்த எண்ணிப் பாத்தேன், சரியாத் தெரியல."

"தெரியலன்னா என்னக் கேக்க வேண்டியதுதானே?"

பேராசிரியர் அடுத்த மேசையில் பதிவேடு திருத்திக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார் போலும். தலையை நிமிர்த்தாமலே தம் பென்சிலை என் பக்கம் நீட்டினார். சீட்டின் அடியில், எஞ்சியிருந்த வெள்ளையில், சிறிய எழுத்தில் எழுதினேன்: "முளைத்த ஆண்டு 1964. தகவல்: அப்பத்தா."